நூவோவா, என்விடியா டிரைவரா?

லினக்ஸ் கணினியில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், அதை இயக்க எந்த டிரைவர் என்ற இந்தக் கேள்வி வந்தே தீரும்.

நூவோ திறமூல டிரைவர். 2010இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.33 பதிப்புடன் சேர்ந்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். குறை, வேகத்தில்தான். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டுகளின் கடிகார வேகத்தைக் கூட்ட என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) வேண்டும். அது நூவோவுக்குக் கிடைக்காததால், கணினி எழும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே கார்டு ஓடுகிறது. நல்ல கார்டை இப்படி முடக்கி வைத்தது அநியாயம். ஆர்டிஎக்ஸ் 20 முதலான கார்டுகளுக்கு, 2024 ஜனவரியில் வந்த கெர்னல் 6.7இல் வழி பிறந்தது.

என்விடியாவின் சொந்த டிரைவரில் முழு வேகமும், கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் கூடா (CUDA) வசதியும் கிடைக்கும். ஆனால் அது கெர்னலுக்கு வெளியே இருக்கிறது. கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை (கெர்னலுக்குள் ஏற்றப்படும் டிரைவர் பகுதியை) மறுபடி கட்ட வேண்டும்; டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும். மாட்யூலைக் கட்டத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால் அதுவும் கைவிரித்துவிடும், அப்புறம் கருப்புத் திரைதான். கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் இன்னொரு தலைவலி. மாட்யூலை ஏற்ற 'மோட்ப்ரோப் என்விடியா' என்று கொடுத்ததும் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' (சாவி ஏற்கப்படவில்லை) என்று வந்தால், டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை. மாட்யூலுக்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை மோக்யூட்டில் என்ற கருவி மூலம் பதிய வேண்டும்.

ஃபெர்மி (ஜிடிஎக்ஸ் 400, 500 வரிசை) காலத்துப் பழைய கார்டா? அதற்கான 390 டிரைவரின் ஆதரவு 2022உடன் முடிந்தது. நூவோதான் சரி. விளையாட்டு, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள், கூடா (CUDA) என்றால் தயங்காமல் என்விடியா டிரைவரைப் போடுங்கள்.