பிளாக் செய்யாமலே வம்பரை ஒதுக்க: இன்ஸ்டாகிராமின் ‘ரெஸ்ட்ரிக்ட்’ வசதி

பிளாக் செய்யப்பட்டவர் அதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார் என்பதுதான் பிளாக்கின் பெரிய குறை. வம்புக்கென்றே வருகிறவர் அதைப் படம்பிடித்துத் தம் பக்கத்தில் விருதுபோல மாட்டிக்கொள்வார். வேறொரு கணக்கைத் திறந்துகொண்டு திரும்பியும் வருவார். அவர் உடன் படிப்பவராகவோ உறவினராகவோ இருந்துவிட்டாலோ, “என்னை ஏன் பிளாக் பண்ணினே?” என்ற விசாரணை நேரிலேயே நடக்கும். கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளாகும் இளையோர், நிலைமை இன்னும் முற்றிவிடும் என்று அஞ்சியே பிளாக் செய்யவும் புகார் அளிக்கவும் தயங்குகிறார்கள் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொஸ்ஸேரி 2019-இல் விளக்கியிருந்தார். ரெஸ்ட்ரிக்ட் வசதி அந்த ஆண்டில்தான் வந்தது.

இது செயல்படும் விதம் எளிமையானது. நாம் ஒருவரை ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. அதன் பிறகு நம் பதிவின் கீழ் அவர் எழுதும் பின்னூட்டம் அவர் கண்ணுக்கு வழக்கம்போலத் தெரியும். மற்றவர்களுக்கோ, நாம் அனுமதித்தால் ஒழியத் தெரியாது. அவருடைய தனிச்செய்திகள், அறிமுகமில்லாதவர்களின் செய்திகள் வந்து சேரும் கோரிக்கைப் பகுதிக்குப் போய்விடும். நாம் அவற்றைப் படித்தோமா, இணைப்பில் இருக்கிறோமா என்பதை அவரால் அறிய முடியாது. வசைபாடுகிறவர் தேடுவது பதிலையும் பார்வையாளர்களையும்தான் என்பதால், அவ்விரண்டையும் ஓசையில்லாமல் பறித்துவிடும் இந்த ஏற்பாடு பிளாக்கைவிடப் புத்திசாலித்தனமானது என்றே சொல்வேன்.

ஆனால் இதில் ஒரு சபலமும் ஒளிந்திருக்கிறது. ரெஸ்ட்ரிக்ட் செய்யப்பட்டவரின் பின்னூட்டம் நம் திரையில் மூடியே இருக்கும். பக்கத்தில், திறந்து பார்ப்பதற்கான வழியும் இருக்கும். என்ன எழுதியிருக்கிறான் பார்ப்போமே என்று விரல் துறுதுறுக்கும். திறந்தால் அனுமதிக்கலாம், நீக்கலாம், அப்படியே விட்டும் விடலாம். நாள்தோறும் திறந்து படித்துக் குமைகிறவருக்கு இந்த வசதியால் பாதிப் பயன்தான். சந்தேகம் வந்த வம்பர் வேறொரு கணக்கிலிருந்து நுழைந்து பார்த்தால், தம் பின்னூட்டம் காணாமற்போன கதையும் வெளிப்பட்டுவிடும். பிறருடைய பதிவுகளின் கீழ் அவர் நம்மைத் தாக்கி எழுதினால் அதை இது தடுக்காது. நம் பதிவுகளையும் அவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

இன்ஸ்டாகிராமில் 2021-இல் வந்த ‘ஹிடன் வேர்ட்ஸ்’ என்ற இன்னொரு வசதி ஆளை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் சொற்களும் இமோஜிகளும் அடங்கிய செய்திக் கோரிக்கைகள் தனிக் கோப்புறைக்கு ஒதுக்கப்படும், பின்னூட்டங்களும் மறைக்கப்படும். நல்ல யோசனைதான், ஆனால் தன்னை நோக்கி வீசப்பட்ட வசைச்சொற்களைப் பாதிக்கப்பட்டவரே ஒவ்வொன்றாக உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது கொடுமை. தமிழ் வசையைத் தமிழ் எழுத்திலும் எழுதலாம், ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாகவும் எழுதலாம், நடுவே புள்ளியோ எண்ணோ செருகியும் எழுதலாம் என்பதால் நம் பட்டியல் என்றைக்கும் முழுமையடையாது. நம்பகமான ஒரு நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பட்டியலைத் தயாரிக்கச் சொல்வது நல்லது.

ஒரே ஆள் அல்லாமல் ஒரு கூட்டமே திரண்டு வரும்போது ரெஸ்ட்ரிக்ட் கைகொடுக்காது. ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து ஒதுக்குவதற்குள் விடிந்துவிடும். அதற்கு அதே 2021-இல் வந்த ‘லிமிட்ஸ்’ இருக்கிறது. நம்மைப் பின்தொடராதவர்களும் அண்மையில்தான் பின்தொடரத் தொடங்கியவர்களும் அனுப்பும் பின்னூட்டங்களையும் செய்திக் கோரிக்கைகளையும் அது மறைத்துவிடும். சர்ச்சை ஓயும்வரை வைத்திருந்துவிட்டு எடுத்துவிடலாம்.

உயிருக்கோ உடலுக்கோ மிரட்டல், அந்தரங்கப் படங்களைப் பரப்புவதாக அச்சுறுத்தல், வீட்டு முகவரியை வெளியிடுதல் போன்றவை இந்த வசதிகளின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே பிளாக்கும் புகாரும் கட்டாயம் தேவை. ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். இன்ஸ்டாகிராமில் ஒருவரை பிளாக் செய்த மறுகணம் நம் பதிவுகளில் அவர் எழுதிய பின்னூட்டங்களும் நீங்கிவிடும். ஆகவே கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுத்து, பிறகு புகார் அளித்து, கடைசியில்தான் பிளாக் பொத்தானைத் தொட வேண்டும்.