போக்கர் மேசைத் திறமை வர்த்தகத்தில் எவ்வளவு செல்லுபடியாகும்?

1987இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கப்பட்ட சஸ்குவெஹானா என்ற வர்த்தக நிறுவனம், ஆப்ஷன் (ஒரு பங்கைக் குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வர்த்தகம் பழகுவோருக்குப் போக்கரையும் பாடமாக வைத்திருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் உறவே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

போக்கரில் கணக்கு கண்முன் நிற்கிறது. ஒரே குறியில் ஐந்து சீட்டுகள் சேர்ந்தால் அது வலுவான கை. கையிலும் மேசையிலுமாக நான்கு ஹார்ட்டின் சீட்டுகள் சேர்ந்து, கடைசிச் சீட்டில் ஐந்தாவதை எதிர்பார்ப்பவருக்கு, பார்க்காத 46 சீட்டுகளில் 9 உதவும், அதாவது ஏறத்தாழ 20 சதவீத வாய்ப்பு. மேசையில் 100 டாலர் குவிந்திருக்கையில் 20 டாலர் கட்ட 17 சதவீத வாய்ப்பே (மொத்தம் 120இல் 20) போதும் என்பதால், தோற்றாலும் அது சரியான முடிவுதான். முடிவையும் விளைவையும் இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும், ஒரே ஆட்டத்தில் மொத்தப் பணத்தையும் இறக்காத கட்டுப்பாடும் சந்தைக்கு அப்படியே பொருந்தும்.

சந்தையிலோ அந்த 46 என்ற எண்ணே கிடையாது; என்னென்ன நடக்கலாம் என்று எண்ணிச் சொல்ல முடியாது. 1998இல் ரஷ்யா கடனைத் திருப்பித் தராமல் கைவிரித்தபோது, நோபல் பரிசு பெற்ற இருவர் பங்குதாரர்களாக இருந்த எல்டிசிஎம் என்ற அமெரிக்க முதலீட்டு நிதியமே நிலைகுலைந்தது. முகத்தைப் படிக்கும் கலைக்கு (அதன் பெருமை சற்று மிகை என்பது என் எண்ணம்) திரையில் வேலையில்லை. மேலும், சும்மா இருப்பவரிடம் சந்தை கட்டணம் கேட்பதில்லை. போக்கரோ சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயம் கேட்கும்.

நொடிக்கு நொடி விலை சொல்லும் ஆப்ஷன் வர்த்தகப் பிரிவுக்குப் போக்கர் ஆட்டக்காரரைத் தயங்காமல் எடுக்கலாம்; பத்தாண்டு முதலீட்டுக்கு அந்தத் தகுதி மட்டும் போதாது.