கம்மோடோர் 64க்கு வீட்டில் செய்த கார்ட்ரிட்ஜ்: 60 என்னும் கணக்கு

ஜெர்மானியர்கள் செல்லமாக 'ரொட்டிப் பெட்டி' என்று அழைக்கும் கம்மோடோர் 64 கணினிக்கு 1980களில் விளையாட்டுகள் பெரும்பாலும் டேப்பிலும் ஃப்ளாப்பியிலுமே வந்தன. டேப்பிலிருந்து நொடிக்குச் சுமார் 50 பைட்டும், 1541 என்ற ஃப்ளாப்பி டிரைவிலிருந்து சுமார் 400 பைட்டும்தான் கணினிக்குள் ஏறும் என்பதால், 40 கிலோபைட் விளையாட்டு ஒன்று டேப்பிலிருந்து வந்து சேர்வதற்குள் காபி போட்டு, ஆற்றி, குடித்தும் முடித்துவிடலாம். அன்று இந்தக் காத்திருப்பு இல்லாத வழி, நிரலைச் சில்லில் ஏந்தி கணினியின் பின்புறத் துளையில் நேரே செருகும் கார்ட்ரிட்ஜ் ஒன்றுதான். ஆர்வலர் ஒருவர் தம் வீட்டிலேயே செய்து, '60 விளையாட்டுகள்' என்று ஒட்டி விற்கும் கார்ட்ரிட்ஜை 35 யூரோவுக்கு வாங்கி, ஆறு வாரங்கள் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முப்பரிமாண அச்சில் எடுத்த கறுப்பு உறை. ஒரே திருகுதான். அதைக் கழற்றியதும் முதலில் பார்த்தது பலகையின் விளிம்பை. கணினியின் பின்புறத் துளைக்குள் செல்லும் 44 தொடுமுனைகளும், பக்கத்துக்கு 22 வீதம், தங்கப் பூச்சுடன் இருந்தன. விளிம்பும் சாய்வாகச் சீவப்பட்டிருந்தது. விலை குறைந்த பலகைகளில் இந்தச் சீவல் இருப்பதில்லை. கூரிய விளிம்பு ஒவ்வொரு முறை செருகும்போதும் துளையின் மெல்லிய தகடுகளைச் சுரண்டும், நாற்பது ஆண்டு பழைய கணினியில் அந்தத் தகடுகளை மாற்றுவது எளிய வேலையும் அன்று. இந்த ஒரு கவனிப்பிலேயே செய்தவர் மீது எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

பலகையில், மின்சாரம் இல்லாதபோதும் நிரல்களைக் காத்து வைக்கும் ஈப்ராம் என்ற நினைவகச் சில்லு (27சி040 வகை) ஒன்றும், 74எல்எஸ்273 உட்பட மிகச் சில லாஜிக் சில்லுகளும் மட்டுமே உள்ளன. ஈப்ராமின் கொள்ளளவு 512 கிலோபைட்; கணினியோ ஒரு நேரத்தில் அதில் 8 கிலோபைட் சன்னலை மட்டுமே பார்க்கிறது. ஆகவே 64 சன்னல்களில் எது தெரிய வேண்டும் என்பதை நிரல் ஓர் எண்ணாக எழுதிவைக்க, அந்த எண்ணை 273 சில்லு பிடித்து வைத்துக்கொள்கிறது. இது புதிய உத்தி அன்று; 1983இல் கம்மோடோர் நிறுவனமே வெளியிட்ட மேஜிக் டெஸ்க் என்ற 32 கிலோபைட் கார்ட்ரிட்ஜின் அமைப்பைத்தான் இன்றைய ஆர்வலர்கள் பெரிதாக்கிப் பயன்படுத்துகிறார்கள். தேர்ந்தெடுத்த விளையாட்டு நினைவகத்துக்குப் படியெடுக்கப்பட்டதும் கார்ட்ரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. அதன்பின் கணினியைப் பொறுத்தவரை அப்படியொரு பொருள் செருகப்படவே இல்லை.

பயன்பாட்டில் இது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. கணினியை இயக்கியதும் நீலத் திரை தோன்றுவதற்கு முன்பே மெனு வந்துவிடுகிறது. இரண்டாம் துளையில் செருகிய ஜாய்ஸ்டிக்கால் பக்கத்துக்கு இருபது பெயர்கள் கொண்ட மூன்று பக்கங்களைப் புரட்டி, பொத்தானை அழுத்தினால், சுருக்கி வைத்த விளையாட்டு விரியும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் திரையின் ஓரம் வண்ணக் கோடுகளாகத் துடித்துவிட்டு, போல்டர் டேஷ் தொடங்கிவிடுகிறது. கம்மோடோர் 64இல் ரீசெட் பொத்தான் கிடையாது என்பதால், உறையின் பக்கவாட்டில் வைத்திருக்கும் சிறிய சிவப்புப் பொத்தான் பெரிய உதவி. அதை அழுத்தினால் 273 சில்லு பூச்சியத்துக்குத் திரும்ப, மெனுவும் திரும்பி வருகிறது. மின்சாரத்தை அணைத்து அணைத்துப் போடவேண்டிய தேவை இல்லை.

ஆனால் முதல் நாளிலேயே ஒரு குறை தெரிந்தது. மெனுவின் முதல் பக்கத்தில் இருந்தவை எல்லாம் ஓடின. இரண்டாம் பக்கத்தின் நடுவிலிருந்து எதைத் தொட்டாலும் திரையில் எழுத்தும் கட்டமும் சிதறிக் கணினி உறைந்துபோயிற்று. சரியாகப் பாதிக்குமேல் பழுது என்றால் ஐயம், ஈப்ராமின் எந்தப் பாதி என்று சொல்லும் மேல் முகவரிக் கம்பியின் மீதுதான் விழவேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, 273இன் ஒரு காலைச் சுற்றிச் சாலிடர் மங்கிய சாம்பல் வளையமாக ஒட்டாமல் நின்றது. சூட்டுக்கோலை இரண்டு நொடி வைத்ததும் அது பளபளவென்று உருகி இறங்கியது. மீதிப் பாதியும் உயிர் பெற்றது. செய்தவருக்கு எழுதியதும், மறு பேச்சின்றி வேறொன்று அனுப்புவதாகச் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். இருந்தாலும், சூட்டுக்கோல் பிடிக்கத் தெரியாத ஒருவர் வாங்கியிருந்தால்? அனுப்பும் முன் கடைசி விளையாட்டு வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தப் பழுது அவர் மேசையிலேயே பிடிபட்டிருக்கும்.

இனி அந்த 60க்கு வருகிறேன். 512 கிலோபைட்டை 60ஆல் வகுத்தால் ஒன்றுக்கு எட்டரை கிலோபைட்தான் கிடைக்கிறது. சுருக்கி வைத்தாலும் இதற்குள் அடங்குபவை பெரும்பாலும் 1980களின் தொடக்கத்தில் வந்த சிறிய விளையாட்டுகளே. அவற்றிலும் நான் எண்ணியவரை ஏழு பெயர்கள் வேறு தலைப்பில் வந்த இரட்டைப் பிரதிகள். லாஸ்ட் நிஞ்சா போல ஒவ்வொரு கட்டத்தையும் வட்டிலிருந்து தனித்தனியாக ஏற்றிக்கொள்ளும் விளையாட்டுகள் இந்த அமைப்பில் அப்படியே ஓடமாட்டா. அதிகப் புள்ளிகளைச் சேமித்து வைக்கவும் இயலாது, ஈப்ராமில் கணினியால் எழுத முடியாதே. நான்கைந்து விளையாட்டுகள் திரையை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் கணினிக்காக எழுதப்பட்டவை. என் 50 ஹெர்ட்ஸ் கணினியில் அவற்றின் இசை ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, தூக்கக் கலக்கத்தில் வாசிப்பதுபோல் இழுக்கிறது. விற்பனைக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உரிமை பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பழையவை என்பதாலேயே இந்த விளையாட்டுகளின் பதிப்புரிமை முடிந்துவிடவில்லை. கைவேலைக்கும் பலகைக்கும் 35 யூரோ தருவதில் எனக்குத் தயக்கமில்லை; ஆனால் பிறர் எழுதிய அறுபது நிரல்களை ஒட்டுப்பட்டையில் விளம்பரமாக்கி விற்பது உறுத்துகிறது.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, இதே ஆர்வலர் 15 யூரோவுக்கு விற்கும் வெற்றுப் பலகையைத்தான். தங்கப் பூச்சு, சீவிய விளிம்பு, ரீசெட் பொத்தான் எல்லாம் அதிலும் அப்படியே உள்ளன. இன்றும் ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் விளையாட்டுகளைத் தொகுத்து, இன்றைய கணினியைக் கம்மோடோர் 64 போல நடக்கவைக்கும் வைஸ் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து, பிறகு ஈப்ராமில் ஏற்றலாம். ஈப்ராமில் நிரலைப் பதியும் கருவி கைவசம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் செலவு. உறையில்லாத பலகையைத் தலைகீழாகவும் செருகிவிட முடியும் என்பதால் மேற்புறத்தை மையால் குறித்துக்கொள்ளுங்கள். கணினியை அணைக்காமல் எதையும் செருகாதீர்கள். ஈப்ராமின் கண்ணாடிச் சன்னல்மீது ஒளி புகாத பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், நேர் வெயில் பட்டால் ஒரு வாரத்தில் உள்ளிருப்பது அழிந்துவிடும். எனக்கு வந்ததில் அந்த இடத்தில் ஒட்டியிருந்தது சாதாரண வெள்ளைக் காகிதம். அதைப் பிரித்துவிட்டு அலுமினியப் பட்டை ஒட்டிக்கொண்டேன்.