மல்பெரி: விதை போடுவதா, தடி நடுவதா?

கொழும்பில் தொடர்மாடி பல்கனியில் மல்பெரி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பழம் வேண்டுமென்றால் தடி, இலை போதுமென்றால் விதைக்கன்று.

விதை எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. நன்றாகக் கறுத்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, மிதக்கும் சதையை வார்த்துவிட்டால் அடியில் பொடி விதைகள் தங்கும். தும்புத்தூள் கலந்த மண்ணில் மேலாகத் தூவி ஈரம் காய விடாமல் வைத்தால் இரண்டு மூன்று கிழமைக்குள் முளைக்கும். தொல்லை அதற்குப் பிறகுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில், காற்றோட்டம் இல்லாத மூலையில், நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். தப்பியது காய்க்கச் சில வருடங்கள் பிடிக்கும். அது ஆண் மரமாகவும் போகலாம்; அப்போது பூவோடு சரி, பழமே இல்லை. பெண்ணாக இருந்தாலும் தாய் மரத்தின் பழம்போலவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. மொத்தத்தில் அது லொத்தர் சீட்டு.

தடியில் அந்தச் சந்தேகம் கிடையாது. காய்க்கும் மரத்தில் பென்சில் தடிப்பில் முற்றிய கிளையாகப் பார்த்து, மூன்று நான்கு கணு வரும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இலைகளை நீக்கி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி நிழலில் நடுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: வேர் விடுமுன்னரே தடி துளிர்த்துவிடும். துளிரைப் பார்த்து, பிடித்துவிட்டது என்று இழுத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அப்படி அசைத்தால் உள்ளே அரும்பும் வேர் அறுந்துபோகும். பிடித்த தடி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள்ளேயே காய் காட்டும். கிளையை நறுக்கி இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு காயும் வரும்.

சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேரும் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும், அப்புறம் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்பார்.

இனி எல்லோரும் பேசும் ஆன்டிஆக்ஸிடன்ட் விஷயம், அதாவது உடம்பின் கலங்களைச் சிதைவிலிருந்து காக்கும் என்று சொல்லப்படும் பொருட்கள். பழத்தைக் கறுக்க வைக்கும் அந்தோசயனின் என்ற சாயம்தான் அதில் முக்கியமானது. ஆகவே சிவப்பில் பறித்தால் புளிப்புத்தான் மிச்சம், கறுக்கும்வரை பொறுக்க வேண்டும். தடிக்கன்று தாய் மரத்தின் நகல் என்பதால் தாயின் பழம் அடர்கறுப்பு என்றால் இதுவும் அப்படியே வரும். விதைக்கன்றின் பழம் வெளிறியும் வரலாம். ஜாம் காய்ச்சும்போது சூட்டில் இந்தச் சாயத்தில் ஒரு பங்கு சிதைந்துபோகும். பறித்த கையோடு சாப்பிடுவதே மேல். நர்சரிகளில் ‘கறுப்பு மல்பெரி’ என்று கிடைப்பதெல்லாம் மோரஸ் நைக்ரா என்ற அசல் கறுப்பு மல்பெரி இனம் என்று நம்பிவிடாதீர்கள். அது குளிர் பிரதேச மரம். வெள்ளை மல்பெரி எனப்படும் மோரஸ் ஆல்பாவிலும் கறுப்புப் பழம் உண்டு.

இலைக்கு வந்தால் விதைக்கன்று தலை நிமிரும். ஆணோ பெண்ணோ, இலை இலைதான். ருட்டின், குவெர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் எல்லாம் அதில் உண்டு. மாச்சத்து சீனியாக உடைவதைத் தாமதப்படுத்தும் டி.என்.ஜே. என்ற பொருளும் இருக்கிறது, இளம் இலையில் கூடுதலாக. அதனாலேயே சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மல்பெரி இலைத் தேநீரைத் தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்ட்கள் சோதனைக்குழாயில் காட்டும் வீரியம் அப்படியே உடம்பிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. அந்தோசயனினில் இரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான்.

வைட்டமின் சி மட்டும்தான் உங்கள் குறி என்றால் இந்தப் பாடே வேண்டாம். 100 கிராம் மல்பெரியில் அது சுமார் 36 மில்லிகிராம்; நெல்லிக்காயில் அதைவிடப் பல மடங்கு. சந்தையில் நெல்லி வாங்கிக்கொண்டு, பல்கனியில் வேறு ஏதாவது வையுங்கள்.