தீவிர சிகிச்சைக்குப் பின் சமூக மருத்துவமனை
தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்திய நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளிவந்த என் மாமனாரைச் சிங்கப்பூரில், பெரிய மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பின் தங்கி உடல்தேறுவதற்கான சமூக மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். சளியை உறிஞ்சி எடுப்பதிலும் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதிலும் தாதியர் காட்டிய ஒழுங்கு பாராட்டத்தக்கது. பேச்சு சிகிச்சையாளர் விழுங்கும் திறனைச் சோதித்து, கெட்டிப்படுத்திய நீரில் தொடங்கிப் படிப்படியாகக் கூழுணவுக்குக் கொண்டுவந்த பின்னரே மூக்கு வழியே உணவூட்டிய குழாய் அகற்றப்பட்டது. ரசஞ்சோறு கேட்டு மாமா கோபித்தபோதும் சிகிச்சையாளர் அவசரப்படவில்லை, அதுவே சரி. அமெரிக்காவில் இத்தகைய நோயாளிகளுக்கென, சராசரியாக 25 நாள்களுக்கு மேல் தங்கவைக்கும் தனி மருத்துவமனைகள் உள்ளன. இங்கே சமூக மருத்துவமனைகள் மறுவாழ்வுப் பயிற்சிக்கே முதன்மை தருவதால், மூச்சுக்கருவியை நம்பியிருப்போரின் குடும்பத்தார் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. மானியம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் கைகொடுத்தன. இரவுப் பணியில் தமிழ் பேசுவோர் இல்லாததே எனக்குப் பட்ட குறை.