6,400 ராண்ட் வாங்கிக்கொண்டு, 1,250 கொள்ளளவு என்று காட்டிய மெய்நிகர் ராஞ்ச் நிலத்தில் 312 கொடுத்தார்கள்

6,400 ராண்ட். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் "விளையாட்டுக் காசுதானே" என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். நிலத்துக்கு 4,800, நாலு மாத வாடகை முன்பணம் 1,600. நாங்கள் நாலு பேர் சேர்ந்து போட்ட பணம். போன வாரம் வியாழக்கிழமை ராத்திரி எல்லாம் போச்சு, இன்றைக்குச் சனிக்கிழமை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நிலம் எடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் முழுசாகப் போடுகிறேன்.

இடம் ஒரு மெய்நிகர் உலகம். அதற்குள் கவ்பாய் காலத்து ஊர் நடத்தும் ஒரு ரோல்பிளே குழு. ஷெரிஃப், நிலப் பதிவு ஆபீஸ், கவுன்சில், எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்கிற சோனிங் ரூல் எல்லாம் உண்டு. பெயர் போடவில்லை. டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருந்து இதில் குதிரை வளர்க்கிற நம் ஆட்களுக்குப் படித்தவுடனே புரியும்.

புதுசாக வருகிறவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன், ஏமாற்றே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அந்த உலகத்தில் ஒரு ரீஜன் என்பது 256க்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர். ஒரு பொருள் நிலத்தின் கொள்ளளவில் எவ்வளவு பிடிக்கும் என்கிற கணக்குக்கு லேண்ட் இம்பாக்ட் என்று பெயர்; முழு ரீஜன் 20,000 லேண்ட் இம்பாக்ட் தாங்கும். ஹோம்ஸ்டெட் என்று இன்னொரு வகை உண்டு. பரப்பளவு அதேதான், புல்லும் ஆறும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் தாங்குவது 5,000 மட்டும். ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் உள்ளே வரவும் முடியாது. இந்த ஊரின் ராஞ்ச் சோனில் குறைந்தபட்ச மனை 4,096 சதுர மீட்டர், ரீஜனில் பதினாறில் ஒரு பங்கு. முழு ரீஜனாக இருந்தால் அந்த மனைக்கு 1,250 கிடைக்கும். ஹோம்ஸ்டெட் என்றால் 312.

எங்கள் பண்ணைக்கு எவ்வளவு வேண்டும்? கொட்டகை 140. வேலியும் கேட்டும் 96. மரம், வைக்கோல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 150. குதிரை ஒன்றுக்கு 10 வீதம் 24 குதிரைக்கு 240. மொத்தம் 626. 1,250இல் தாராளம். 312இல் கொட்டகையும் வேலியும் போட்டபின் மிச்சம் 76, ஏழு குதிரை கட்டலாம், மரம் ஒன்றுகூட வைக்க முடியாது.

சோனிங் ரூல் நல்லாத்தான் எழுதியிருந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். மனையில் 60 சதவீதம் திறந்த மேய்ச்சலாக விட வேண்டும், அதாவது 4,096இல் 2,458 சதுர மீட்டர். கொட்டகை ஒன்றுதான், 12 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. கட்டை வேலி மட்டும். மண்ணை ஏற்றுவதோ இறக்குவதோ 4 மீட்டருக்குள். வானத்தில் வீடு கட்டினால் 2,000 மீட்டருக்கு மேலே. இப்படி ரூல் இருக்கிற ஊரில்தான் பண்ணை பார்க்கப் பண்ணை மாதிரி இருக்கும், அதற்காகத்தான் காசு கொடுத்துப் போனோம்.

நில ஆபீசர் என்று வந்தவர் தமிழில் பேசினார். "வணக்கம் அண்ணா, டர்பனா? எங்க பாட்டி வீடு இசிப்பிங்கோலதான். ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப இன்னும் வந்துட்டுதான் இருக்கேன்." அங்கேயே பாதி விழுந்தோம். மிச்சப் பாதி எங்கே விழுந்தோம் தெரியுமா? "என் பேச்சை நம்ப வேணாம் அண்ணா, நீங்களே நிலத் தகவல் ஜன்னலைத் திறந்து பாருங்க" என்றார். திறந்தோம். மனையின் கொள்ளளவு 1,250. கண்ணால் பார்த்தபிறகு என்ன சந்தேகம்? அன்றைக்கு ராத்திரியே உள்ளூர் வங்கிக் கணக்குக்கு உடனடி இஎஃப்டி, அதாவது ஆன்லைன் வங்கிப் பரிமாற்றம். 6,400 ராண்ட்.

அந்த ஸ்கிரீன்ஷாட் இப்போதும் என்னிடம் இருக்கிறது. 1,250க்கு மேலே, அதே ஜன்னலில், ரீஜன் ஆப்ஜெக்ட் போனஸ் என்று ஒரு வரி. பக்கத்தில் 4.00. நாலு பேரும் அந்தப் படத்தைப் பார்த்தோம், ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

அந்த போனஸ் எஸ்டேட் உரிமையாளர், அதாவது ரீஜனை வைத்திருப்பவர், கையில் இருக்கிற பெருக்கல் எண். 4 என்று வைத்தால் 312 மனை 1,250 என்று காட்டும். ரீஜன் மொத்தம் தாங்குவது என்னவோ அதே 5,000தான். பக்கத்து மனைகள் காலியாக இருக்கிற வரை ஒன்றும் தெரியாது. ஆள் சேரச் சேர எண்ணைக் குறைப்பார்கள். குறைத்தால் அதிகப்படியான பொருள்கள் திருப்பி அனுப்பப்படலாம். எங்களுக்கு நாலிலிருந்து ஒன்றுக்கு ஒரே ராத்திரியில் இறக்கினார்கள். குதிரைகள் மூட்டையாக, திருப்பி அனுப்பிய பொருள்கள் சேரும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் வந்து விழுந்தன.

மூட்டை என்று சும்மா சொல்லவில்லை. ஒன்றாகத் திரும்பும் பொருள்கள் ஒரே கட்டாகக் கட்டி வரும், ஒவ்வொன்றாக எடுக்க முடியாது. கட்டை மறுபடி வைக்கும்போது அத்தனைக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் இடம் இருக்க வேண்டும். 19 குதிரைக் கட்டு என்றால் 190 காலியாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வைக்கவே விடாது. நகல் எடுக்க முடியாத விலங்குகளை இந்த நிலையில் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். இடம் அதிகமுள்ள சாண்ட்பாக்ஸுக்கு, அதாவது யாரும் பொருளை இறக்கிப் பார்க்கிற பொது இடத்துக்கு, போய், கட்டைப் பிரித்து, ஒவ்வொரு குதிரையாகத் தனித்தனியே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சாண்ட்பாக்ஸில் தானாகத் திருப்பி அனுப்பும் நேரம் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிட்டு இறக்குங்கள், இல்லாவிட்டால் பாதியில் மறுபடி மூட்டை.

சரி, கேட்டால் அந்த நில ஆபீசர் என்ன சொன்னார்? முதல் நாள், "மீட்டிங்ல இருக்கேன் அண்ணா." இரண்டாம் நாள், "இங்க லோட் ஷெட்டிங்." அன்றைக்கு டர்பனில் எங்கள் நாலு வீட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், "கவுன்சில்ல பேசிச் சொல்றேன்." கவுன்சில் சொன்னதுதான் உச்சம்: உங்கள் மனை ராஞ்ச் சோனே இல்லை, ஆற்றங்கரை சோன், அங்கே எட்டு விலங்குக்கு மேல் ரூல் மீறல், உங்களுக்குத்தான் அபராதம் வர வேண்டும். ராஞ்ச் சோன் என்று எழுதி அவர் கொடுத்த நோட்கார்டைக் காட்டினோம். நோட்கார்ட் வெறும் குறிப்புச் சீட்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம், கவனன்ட் என்கிற எஸ்டேட் விதி ஒப்பந்தம்தான் சட்டம் என்றார்கள். அதுவாவது உண்மை. அந்த நிலத் தகவல் ஜன்னலிலேயே கவனன்ட் என்ற டேபில் கடைசியாகத் திருத்திய தேதி வரும். நாங்கள் பணம் போட்டது 4ஆம் தேதி. கவனன்ட் திருத்தியது 9ஆம் தேதி. இதைக் கேட்டதும் நில ஆபீசர் பிளாக் செய்துவிட்டார். அண்ணா என்று ஆரம்பித்தவர் கடைசியில் "சார், டோன்ட் டிஸ்டர்ப்" என்று முடித்தார்.

அதே டேபில் ரீஜன் வகை ஹோம்ஸ்டெட் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. முதல் நாளே இருந்திருக்கும். அதைத் திறக்காதது எங்கள் தப்புதான், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "டீட்", அதாவது பத்திரம், என்று 4,800 வாங்கினாரே, மனையின் உரிமையாளர் பெயர் ஒருநாளும் மாறவில்லை. நிலம் அவர்களுடைய குரூப் பெயரில். எங்களுக்குக் கொடுத்தது அந்தக் குரூப்பில் ஒரு ரோல், அதாவது உறுப்பினர் அனுமதி மட்டும், ஒரு கிளிக்கில் எடுத்துவிடலாம், எடுத்தும்விட்டார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் பண்ணை நிலத்தை 1970ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டப்படி அமைச்சர் ஒப்புதல் இல்லாமல் துண்டு போட முடியாது. அப்படியும் பிரிக்காத பங்கை "உங்க பிளாட்" என்று கம்பி நட்டுக் காட்டி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நிஜப் பண்ணை வாங்கும்போது அதையெல்லாம் நோண்டி நோண்டிக் கேட்கிற நாங்கள் இதில் கேட்கவில்லை.

வங்கியில், நீங்களே அனுமதி கொடுத்துப் போட்ட இஎஃப்டி, திருப்ப முடியாது என்றார்கள். உலகத்தை நடத்தும் நிறுவனம், பயனர்களுக்குள் நடக்கும் வாடகைத் தகராறில் தலையிட மாட்டோம் என்று ஒரு தயார் பதில் அனுப்பியது. போலீஸ் ஸ்டேஷனில் "கேமா?" என்று சிரித்தார்கள். 2020ஆம் ஆண்டின் 19ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது, பணம் போனது நிஜ வங்கிக் கணக்குக்கு என்று அழுத்திச் சொன்னபிறகுதான் கேஸ் நம்பர் கொடுத்தார்கள். 6,400 ராண்ட் இன்னும் வரவில்லை.

முழுப் பட்டியல் போடுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. போனஸ் 1.00 என்று இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். கவனன்ட் டேபை ரீஜன் வகை, திருத்திய தேதி இரண்டும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பிறகு பணத்தைப் பேசுங்கள். வாடகை வாரா வாரம், உள்ளே இருக்கும் வாடகைப் பெட்டியில் மட்டும். வெளியே வங்கிக் கணக்கு கேட்டால் தமிழ் பேசினாலும் கொடுக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த மனை மறுபடி விளம்பரத்தில் வந்திருக்கிறது. ராஞ்ச் சோன், 1,250 என்று போட்டிருக்கிறார்கள். இன்னொரு கணக்கில் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். 4.00.