இரண்டு பெண் நாய்கள் உள்ள வீட்டுக்கு: பாஸ்கர்வில் அல்ட்ரா வாய்ப்பூட்டு

சண்டையிட்ட இரண்டு பெண் நாய்களை மறுபடி சேர்த்துப் பழக்கும்போது, வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்ப்பூட்டு வேண்டவே வேண்டாம். மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்க முடியாத நாய் வெயிலில் சுருண்டுவிடும். பாஸ்கர்வில் அல்ட்ரா கூடை வடிவ ரப்பர் வாய்ப்பூட்டு; இந்தக் கூடைக்குள் நாய் தாராளமாக மூச்சிரைக்கும், தண்ணீர் குடிக்கும், பிஸ்கட்டும் வாங்கித் தின்னும். வெந்நீரில் இளக்கி முகத்துக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம். மூக்கு நுனிக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கட்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சரிவராது.

உள்ளே தயிர் தடவுங்கள். நாய் தானாக மூக்கை நுழைத்துப் பழகும்வரை வாரை மாட்டாதீர்கள். சண்டை நடந்த அன்றே திணித்தால் கூடையைக் கண்டாலே ஓடும். இரண்டுக்கும் மாட்டுங்கள், ஒன்றுக்கு மட்டும் என்றால் அதுதான் கடிபடும். சாப்பாட்டு நேரத்திலும் ஆளில்லாதபோதும் இதை நம்பக்கூடாது: கூடையைக் கழற்றிவிட்டு, தனித்தனி அறையில் கதவைச் சாத்துங்கள்.